மாப்ளைக்குச் சொன்ன வார்த்தை

கதவைச் சாத்து. பூட்ட வேணாம், சும்மா சாத்தி வை. மழை விடுற மாதிரி தெரியல, பஸ்ஸும் இனிமே விடிஞ்சாத்தான். தூங்குறவன் அந்தப் பக்கம் போய்த் தூங்கு... கேக்குறவன் கிட்ட வா. நடுவுல எவனாவது சிரிச்சா அங்கயே நிறுத்திடுவேன், அப்புறம் கெஞ்சக் கூடாது.

இது எனக்கு நடந்தது இல்ல. என்கூட வேலை பாக்குறானே ஒருத்தன், 'கண்ணாடி'... அவனோட பெரியப்பாவுக்கு நடந்தது. கண்ணாடி பொய் சொல்ல மாட்டான். நல்லவன்னு இல்ல, அதுக்கெல்லாம் அவனுக்குச் சாமர்த்தியம் பத்தாது.

விடியக்காலம் மூணு மணின்னு வச்சுக்கோ. ஒரு ரோடு. இந்தப் பக்கம் சுரங்கத்துல வெட்டிக் கொட்டின கல் மேடு. அந்தப் பக்கம் பள்ளம். மரம் கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது, குரைக்கிறதுக்கு ஒரு நாய்கூடக் கிடையாது. தொழிலாளிங்க குடியிருப்புல இருந்து சுரங்க வாய்க்குப் போக அந்த ஒரு ரோடுதான். அது வளையுற எடத்துல ஒத்தையா ஒரு கடை. முன்னாடி கடை, பின்னாடி வீடு. அதுதான் கண்ணாடியோட பெரியப்பா கடை. நாம கடைக்காரர்னே சொல்லிக்குவோம்.

அந்தக் கடையில கயிறு இருக்கும், பூட்ஸ் இருக்கும், ரொட்டி, சோப்பு, தீப்பெட்டி எல்லாம் இருக்கும். ஆனா முக்கியமான சரக்கு கார்பைடு கல்லு. அந்தக் காலத்துல உள்ள இறங்குறவன் தலையில மாட்டுற விளக்குக்கு அதுதான். கல்லு மேல சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்தா 'புஸ்ஸ்'னு கேஸ் வரும், அதைப் பத்த வைக்கிறது. நாத்தம்னா நாத்தம்... பூண்டு அழுகுன மாதிரி. அந்த வீட்டுல துணி, தலகாணி, சோறு எல்லாத்துலயும் அதான் அடிக்கும். அவங்களுக்குப் பழகிப் போச்சு.

காலையில முதல் ஷிப்ட் இறங்கறதுக்கு முன்னாடி, இருட்டுலயே ஆளுங்க வந்துடுவாங்க. அந்நேரத்துக்குக் கடைப் பலகை எல்லாத்தையும் எடுத்து அடுக்க முடியுமா? ஒரு பலகையில மட்டும் சின்னதா ஜன்னல் மாதிரி அறுத்து வச்சிருந்தாரு. ஒரு கை உள்ள வரும், ஒரு டப்பா வெளிய போகும், அவ்வளவுதான் அளவு. விளக்கு அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்கும். அதனால வெளிய நிக்கிறவன் மூஞ்சி அவருக்குத் தெரியாது, கைதான் தெரியும். கையை வச்சே ஆளைச் சொல்லிடுவாரு. நகம் போன கை, விரல் போன கை, விரல் முட்டி வீங்குன கை... மூஞ்சியைக் காட்டினா ஒரு வேளை தடுமாறுவாரு.

டப்பாவைக் கொடுக்கும்போது ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுவாரு. "போய்ட்டு வா."

இதுல என்ன இருக்குன்னு கேக்காத. நம்ம வீட்டுலயும் அதேதானே? கிளம்புறவன் 'போறேன்'னு சொன்னா வாய் மேலயே ஒண்ணு போடுவாங்க. பூமிக்கு அடியில இறங்குறவனுக்கு அது எப்படி இருக்கும்னு யோசி. அந்த ஊர்ல செத்தவனைச் செத்துட்டான்னு யாரும் சொல்ல மாட்டாங்க, 'மேல வரல'ம்பாங்க. குடியிருப்புல இருந்த இன்னொரு கடைக்காரன் ரெண்டு மடங்கு சிரிச்சுப் பேசி விப்பான். ஆனா இறங்குறவன் எல்லாம் இவர்கிட்டதான் வருவான், அந்த வார்த்தைக்காக. அவருக்கும் உள்ளுக்குள்ள பெருமை உண்டு. அவர் பொண்டாட்டி கேலி பண்ணும். "ஊர்ல இருக்கிற ஆம்பளைக்கெல்லாம் போய்ட்டு வா, போய்ட்டு வான்னு நாக்கு தேயுது. எனக்குச் சாப்டியான்னு கேக்க மட்டும் வாய் வலிக்கும்."

அவங்களுக்கு ஒரே பொண்ணு. அந்தப் பொண்ணு ஒரு சுரங்கத்துக்காரனைக் கட்டிக்கிச்சு. வேற எவனையும் கட்ட மாட்டேன்னு பட்டினி கிடந்து கட்டிக்கிச்சு. பையன் தங்கம். அப்பா அம்மா இல்லாதவன், அதனால வீட்டோட மாப்ள. கடைக்காரருக்கு ஆரம்பத்துல பிடிக்கல, அப்புறம் பிடிச்சுப் போச்சு. ஆனா வெளிய காட்டிக்க மாட்டாரு. ஒண்ணுல மட்டும் தெரியும். வயசுல எவ்வளவு சின்னவனா இருந்தாலும் மாப்ளையை அவர் ஒரு தடவைகூட 'நீ'ன்னது இல்ல. வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள. மத்தவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க, "எங்களுக்கெல்லாம் போய்ட்டு வா, அவனுக்கு மட்டும் போய்ட்டு வாங்களா?" அந்த மாப்ள பின்கதவு வழியா நேரா சுரங்கத்துக்குப் போயிடலாம்ல? போக மாட்டான். வீட்டைச் சுத்தி முன்னாடி வந்து, எல்லார் கூடவும் வரிசையில நின்னு, ஜன்னல்ல கையை நீட்டுவான். கட்டை விரல் நகம் ரெண்டா வெடிச்ச கை. மாமனாரும் சிரிக்காம டப்பாவைக் கொடுத்து, "போய்ட்டு வாங்க மாப்ள"ம்பாரு.

அப்புறம் பொண்ணு உண்டாச்சு.

அங்கதான் தகராறு. சுரங்கம் போதும், கடையில உக்காருங்கன்னாரு மாமனாரு. அவன் மாட்டேன்னான். பேச்சு வளந்துச்சு. பொட்டலம் மடிக்க எனக்கு வராது மாமான்னு அவன் சும்மாதான் சொன்னான். இவருக்குச் சுருக்குனு தச்சிடுச்சு. ராத்திரி முழுக்க யாரும் யார்கூடவும் பேசல.

காலையில கை வந்துச்சு. டப்பாவை ரொப்பி வச்சாரு... வார்த்தை சொல்லல. கை டப்பாவை எடுத்துச்சு. ஆனா போகல. பலகை மேலயே இருந்துச்சு.

"மாமா..."

இவர் திரும்பிக்கிட்டு மூட்டையை இழுத்தாரு. இழுக்க வேண்டிய மூட்டையே இல்ல அது.

"சரி மாமா. வரேன்."

பூட்ஸ் சத்தம் போயிடுச்சு. கூப்புட்டுச் சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சாராம். சாயங்காலம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டாரு.

மத்தியானம் சங்கு ஊதுச்சு. பக்கத்துல எப்பவோ கைவிட்ட பழைய சுரங்கம் ஒண்ணு, உள்ள தண்ணி கட்டி நின்னிருக்கு. இவங்க வெட்டுன வெட்டுல நடுச்சுவர் உடைஞ்சு மொத்தத் தண்ணியும் இந்தப் பக்கம் வந்துடுச்சு. ஓடி வந்தவன் வந்தான். மாப்ள மேல வரல. பம்பு போட்டு இறைச்சாங்க, இறைச்சாங்க... தண்ணி குறையல. கடைசியில அந்த வாயையே கட்டையும் மண்ணும் போட்டு மூடிட்டாங்க. ஆளுங்களை மலைக்கு அந்தாண்ட இருக்கிற சுரங்கத்துக்கு மாத்தியாச்சு. அதுக்கப்புறம் இருட்டு நேரத்துல இந்த ரோட்டுல நடக்க ஆளே இல்ல.

ஆனா கடைக்காரருக்கு அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடும். எந்திரிச்சு விளக்கைப் பத்த வச்சு ஜன்னல் பக்கத்துல உக்காந்திருப்பாரு. சும்மா. உள்ள பொண்ணு தூங்காம முழிச்சுக் கிடக்கும். ஒரு வாய் சாப்பிட வைக்க, பெத்த அந்தம்மா போராடும். வயித்துல பிள்ளை இருக்கே... அந்த வீட்டுல மிச்சம் இருந்தது அதுதான்.

ஒரு நாள் அப்படி உக்காந்திருக்கும்போது, ரோட்டுல சத்தம்.

சொளக்... சொளக்... சொளக்...

பூட்ஸுக்குள்ள தண்ணி இருந்தா வரும்ல, அந்தச் சத்தம். மழைக்காலம் இல்ல. சுரங்கப் பக்கத்துல இருந்து வருது. சுரங்கம் ஓடுன காலத்துலகூட அந்நேரத்துக்கு ஆளுங்க அங்க போவாங்க, அங்கேருந்து யாரும் வர மாட்டாங்க. சத்தம் கடைக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. அப்புறம் பலகை மேல தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்... டொக்... டொக்...

கை உள்ள வந்துச்சு.

டப்பா இல்ல. வெறும் கை. வெளுத்துப் போய், ஊறிப் போய்... கட்டை விரல் நகம் ரெண்டா வெடிச்சிருந்துச்சு.

நீயா இருந்தா என்ன பண்ணுவ? கத்துவ. நானும் கத்துவேன். கடைக்காரர் பயப்படலயாம். அவருக்கு அழுகைதான் வந்துச்சு. அத்தனை நாளா நெஞ்சுல கிடந்தது ஒண்ணுதான், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம அனுப்பிட்டோமே... இதோ திரும்ப வந்து கேக்குறாரு, கொடுத்துட்டா நிம்மதியா போயிடுவாருன்னு நினைச்சாரு. ஒரு கல்லு கார்பைடு எடுத்து அந்தக் கையில வச்சாரு. ஈரக் கை... கல்லு பட்டதும் 'புஸ்ஸ்'னு நுரை கட்டிக் கொதிச்சுச்சு. உசுருள்ளவனா இருந்தா உதறியிருப்பான். அந்தக் கை மெதுவா மூடிக்கிச்சு. விரல் இடுக்குல நுரை வழிஞ்சுச்சு.

கடைக்காரர் குரல் உடைஞ்சு சொன்னாரு. "போய்ட்டு வாங்க மாப்ள."

கை போயிடுச்சு.

புரியுதா என்ன பண்ணிட்டாருன்னு? புரியலன்னா இரு... அவருக்கும் அன்னிக்குப் புரியல.

மறுநாள் திரும்ப வந்துச்சு. வராம? இவர்தானே வாங்கன்னு சொல்லி அனுப்புனாரு. அன்னிக்கும் கல்லு கொடுத்தாரு, அன்னிக்கும் பழக்க தோஷத்துல அதையேதான் சொன்னாரு. தெனமும் வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் சொளக் சொளக்குனு வந்த சத்தம் ஜன்னல்ல நிக்கல. கடையைச் சுத்திக்கிட்டு பின்பக்கம் போச்சு. பின்கதவு 'கிர்ர்'ருனுச்சு. கடைக்காரர் எந்திரிக்கல. வீட்டோட மாப்ள, வீட்டுக்குள்ள வராம வேற எங்க போவாருன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாராம். பாரு, மனுஷன் மனசு எதை எதையெல்லாம் ஒத்துக்கும்னு.

ஏன் ஒத்துக்கிட்டாரு தெரியுமா? அன்னிக்குக் காலையில பொண்ணு தானா வந்து சாப்பாடு கேட்டுச்சு. தலை வாரிக்கிச்சு. மறுநாள் ஏதோ பாட்டு முணுமுணுத்துச்சு. அப்பனுக்கு அது போதாதா? அந்தம்மாதான் முதல்ல பாத்துச்சு. பாய் ஈரம். தலகாணி ஈரம். பொண்ணு தலைமுடி தெனமும் காலையில தொப்பலா நனைஞ்சு கிடக்கு. கேட்டா சிரிக்குது. "அவருக்கு ரொம்பக் குளுருதாம்மா"ங்குது.

அப்புறம் பொண்ணோட விரல் நுனி சுருங்க ஆரம்பிச்சுச்சு. ரொம்ப நேரம் தண்ணியில கிடந்தா ஆகும்ல, அப்படி. வெயில்ல உக்கார வச்சாலும் மாறல. உதடு நீலமாச்சு. போர்வை மேல போர்வையா போட்டும் உடம்பு சில்லுனு கிடந்துச்சு. குடியிருப்புல இருந்து நர்ஸம்மா வந்து வயித்துல காதை வச்சுக் கேட்டுட்டு, வெளிய வந்து சொன்னாங்க. "பிள்ளை அசைவு குறைஞ்சுட்டே போகுது. உடம்பு இப்படி ஐஸா இருந்தா உள்ள இருக்கிறது எப்படிம்மா தாங்கும்? இப்படியே போனா ரெண்டும் தங்காது."

நர்ஸம்மா அந்தாண்ட போனதும் அந்தம்மா புருஷனைக் கடை மூலைக்கு இழுத்துட்டுப் போச்சு. "நீங்க தெனம் அந்நேரத்துக்கு யாரைப் பாத்துப் பேசுறீங்க?"

எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அந்தம்மா அழல. தலையில அடிச்சுக்கல. கேட்டு முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"போய்ட்டு வாங்கன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"தெனமுமா?"

அவர் தலை குனிஞ்சுக்கிட்டாரு.

"நீங்க வாங்க வாங்கன்னு கூப்புட்டா அவரு வராம என்ன செய்வாரு? இன்னிக்கு வந்தா போன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வா-ங்கிறது உங்க வாய்ல வரவே கூடாது."

"வாசல்ல வந்து நிக்கிறவரை எப்படிடி அப்படிச் சொல்றது? நம்ம மாப்ளடி..."

"மாப்ளதான். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா எனக்கு உள்ள கிடக்குறவ வேணும். அவ வயித்துல இருக்கிறது வேணும். மரியாதை கிரியாதை எல்லாம் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. ஒத்த வார்த்தை. போ. சொல்லுங்க பாப்போம்."

"போ"ன்னாரு. குரலே எழும்பல.

அன்னிக்குப் பூரா அவர் கடையில உக்காந்து அதையேதான் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. சோப்பு வாங்க வந்த பொம்பளை ஒண்ணு, தன்னைத்தான் விரட்டுறாருன்னு திட்டிட்டுப் போச்சாம்... டேய், சிரிக்காதன்னு சொன்னேன்ல?

ராத்திரி பின்கதவுக்கு அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தாங்க. அந்தம்மா பொண்ணு பக்கத்துல படுத்து, அது எந்திரிக்க முடியாதபடி மேல கையைப் போட்டு அணைச்சுக்கிச்சு. கடைக்கும் ரூமுக்கும் நடுவுல ஒரு திரைத்துணிதான். கடைக்காரர் ஜன்னல்கிட்ட வந்து உக்காந்தாரு. விளக்குத் திரியைத் தூண்டி விட்டாரு. நாக்கு ஒட்டிக்குது. போ... போ... போ...

அந்த நேரம் வந்துச்சு.

சொளக்... சொளக்...

இன்னிக்கு நாத்தம் முன்னாடியே வந்துடுச்சு. கார்பைடு நாத்தம் இல்ல. மூடி வச்ச தண்ணி நாத்தம்... துருவும் சேறும் கலந்தது. சத்தம் முதல்ல பின்பக்கம் போச்சு. கதவை ஒரு தடவை தள்ளுச்சு. மூட்டை அசையல. அப்புறம் மெதுவா, மெதுவா... சுத்திக்கிட்டு முன்னாடி வந்து நின்னுச்சு.

கை வந்துச்சு.

"மாமா..."

அதே குரல். கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி எல்லாம் இல்ல. வீட்டுல எப்பவும் பேசுற குரல். அதுதான் அவரைக் கொன்னுச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. பாத்தா சொல்ல முடியாதுன்னு அவருக்குத் தெரியும்.

"போ..."

சொல்லிட்டாரு. அங்கயே வாயை மூடியிருக்கணும். ஆனா காலமெல்லாம் நீங்க வாங்கன்னு பேசுன நாக்கு... மாப்ளைகிட்டப் போன்னு மொட்டையா நிறுத்த வரல.

"போ... போங்க மாப்ள. போங்க. எங்களை விட்டுடுங்க... போங்க."

வா வரல. வாங்க வரல. சரியாச் சொல்லிட்டோம்னு அவருக்கு ஒரு நிம்மதி. வெளிய தண்ணி சொட்டுது... டொக்... டொக்...

"சரி மாமா."

அப்பாடான்னு இருந்துச்சு.

"நாங்க போறோம்."

நாங்களா?

கண்ணைத் திறந்தாரு. பலகை மேல, வெளுத்துப் போன அந்தக் கை மேல இன்னொரு கை இருந்துச்சு. சின்னக் கை. விரல் நுனி எல்லாம் சுருங்கிக் கிடந்துச்சு. யார் கைன்னு அவருக்கா தெரியாது? தராசு பிடிக்க அவர் சொல்லிக் கொடுத்த கை அது. அது அந்தக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டும் சேந்து பின்னாடி போச்சு. இருட்டுல மறைஞ்சுடுச்சு.

"வா"ன்னு கத்துனாரு. "வாம்மா... வா... வா..." ஊருக்கே சொன்ன வார்த்தை. பலகையைக் கையால அடிச்சு அடிச்சுக் கத்துனாரு. சொளக் சொளக்குனு ஒரு நடை, அதுகூட வெறுங்கால் நடை ஒண்ணு... சுரங்கத்துப் பக்கமா போய்க்கிட்டே இருந்துச்சு. நிக்கல.

எந்திரிச்சு உள்ள ஓடுனாரு. விழுந்து எந்திரிச்சு, திரைத்துணியைப் பிச்சுக்கிட்டு ஓடுனாரு.

பின்கதவு மூட்டை வச்ச எடத்துலயே இருந்துச்சு. பொண்ணு பாயில படுத்திருந்துச்சு. அம்மாக்காரி பக்கத்துல படுத்து, அணைச்ச கையை எடுக்காம, முதுகைத் தட்டிக் கொடுத்துக்கிட்டே இருந்தா. இவர் வந்த வேகத்தைப் பாத்துட்டு விரலை உதட்டுல வச்சா. அவ மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி.

"உஷ்... கத்தாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தா. எத்தனை நாளாச்சு... பாருங்களேன், கொஞ்சங்கூட அசையாமத் தூங்குறா."